எருக்குழியில் எழுபத்தொரு முட்டைகள்

மொமோசே தொக்கியேவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மிசுசாவா ஊரின் முப்பத்தெட்டு வீட்டுக்கும் இது தெரியும். மற்றவர்கள் 'பார்க்கலாம்' என்று சொல்லி நழுவுகிற இடத்தில் அவள் 'முடியாது' என்று சொல்லிவிடுவாள். இருபத்து மூன்று வயதில் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஜோநென் மலையடிவாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஆளுக்கொரு நகரத்துக்கு அனுப்பியாயிற்று. முப்பத்து நாலு வருஷம் ஓடியும் கடற்கரைக்காரியின் வாய் மட்டும் அப்படியே இருந்தது.

வாரத்தில் ஐந்து நாள், வசாபி என்கிற காரக் கிழங்கைப் பதப்படுத்தும் கொட்டகையில் வேலை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஐஸ் போன்ற ஊற்றுத் தண்ணீரில் கிழங்கைத் தேய்த்துக் கழுவுவாள். மீதி இரண்டு நாள் வயல். புருஷன் முனேயோஷி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். சாது. யாராவது இரண்டு தடவை கேட்டால் எதற்கும் தலையாட்டிவிடுவான். அந்தத் தலையாட்டலால் வந்த வினையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் வரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிசுசாவாவில் வீடு எப்படிக் கிடந்தாலும் கிடக்கட்டும், வயல் வரப்பில் புல் ஒரு சாண் வளர்ந்தால் போச்சு, அந்தக் குடும்பத்தின் மானமே போச்சு. தொக்கியே கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் இவளுடைய சமையலைக்கூடக் குறை சொன்னாள், அவள் வெட்டிய வரப்பைக் குறை சொன்னதில்லை. மெஷின் வந்த பிறகும் தொக்கியே அரிவாளைத்தான் எடுப்பாள். மண்டியிட்டு, புல்லைக் கொத்தாகப் பிடித்து, அடியோடு அறுத்துக்கொண்டே நகர்வாள். மெஷின்காரனுக்குப் புல்லின் தலைதான் தெரியும். மண்டி போடுகிறவளுக்கு அதற்குள் நடப்பதெல்லாம் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, ஒரு ஜூன் மாதக் காலை, குராரா செடி ஒன்றை அறுக்கக் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குராரா ஒன்றும் பெரிய மதிப்புள்ள செடியல்ல. இடுப்பு உயரம் வளரும், வேரைக் கடித்தால் கசப்பில் தலை சுற்றும், மாடு திரும்பியும் பார்க்காது. அந்தக் காலத்தில் கக்கூஸ் குழியில் புழு வைத்தால் இதைத்தான் வெட்டிப் போடுவார்கள். அதன் மொட்டுக் கதிரில் ஒரு நீலப் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது. ஓருரி என்று அதற்குப் பெயர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

அது தேன் குடிக்க வரவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. மொட்டு மொட்டாகக் காலால் தட்டிப் பார்த்தது, மீசையால் தடவியது. விரிய ஆரம்பித்த கதிரை வேண்டாமென்று விட்டுவிட்டு, இன்னும் பச்சையாக இறுகியிருந்த கதிருக்கு நடந்து போனது. அங்கே வாலை வளைத்து, இரண்டு மொட்டுக்கு நடுவில் இருந்த இடுக்கில் நுழைத்து, சற்று நேரம் அசையாமல் இருந்தது. எடுத்தபோது அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகில் பாதிகூட இல்லை. நடுவில் லேசாகக் குழி விழுந்த, சட்டைப் பொத்தான் மாதிரியான முட்டை. ஒன்றே ஒன்று. பிறகு அடுத்த கதிர், மறுபடியும் தட்டல், தடவல், வளைத்தல்.

'சரி, வந்த வேலையை முடிச்சிட்டுப் போகட்டும்' என்று தொக்கியே அரிவாளைக் கீழே வைத்தாள். அதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய மூன்று பிரசவமும் நடவுக் காலத்தில்தான் வந்தன. ஒருத்தராவது அவளை நிம்மதியாகப் பெற விட்டதில்லை. பிள்ளை பிறந்த பத்தாம் நாள் சேற்றில் நின்றவள் அவள். இந்தச் சின்ன உயிர் இவ்வளவு நிதானமாக, இவ்வளவு பார்த்துப் பார்த்து முட்டை வைப்பதைக் கண்டதும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அன்று அவள் அந்தச் செடியை வெட்டவில்லை. மறுநாளும் வெட்டவில்லை. அதற்குப் பிறகு வெட்டவே இல்லை.

ஆறு வருஷத்தில் அவள் பார்த்துத் தெரிந்துகொண்டது கொஞ்சமல்ல. முட்டை ஒரு வாரத்துக்குள் பொரியும். புழு அந்த மொட்டையே தின்று, மொட்டின் நிறத்திலேயே இருக்கும். எறும்புகள் வந்து அதன் முதுகை நக்கும், ஆனால் கடிக்காது. ஜூலையில் கீழே இறங்கி, செடியின் அடிமண்ணில் கூட்டுப்புழுவாகிப் படுத்துவிடும். பத்து மாசத் தூக்கம். மே கடைசியில்தான் சிறகோடு எழும். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை. ஒரு ஜூனில் வைத்த முட்டை தவறிப்போனால் அடுத்த ஜூனில் முட்டை வைக்க ஆளே இருக்காது.

இதுதான் அவளுடைய பயம். பக்கத்து ஊர்களில் இந்த நீலத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. மிசுசாவாவிலேயே அவளுடைய வரப்பில், இருபத்திரண்டு குராரா செடிகளில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருடைய வரப்பும் ஜூன் முதல் ஞாயிறு, சரியாக முட்டைக் காலத்தில், சுத்தமாக மழிக்கப்பட்டுவிடும். அன்று ஊர்ப்புல் நாள். வீட்டுக்கு ஒருவர் மெஷினோடு வந்தே ஆக வேண்டும்.

ஊர்த்தலைவர் நிஷினா கத்சுமிக்கு அவளுடைய வரப்பு கண்ணில் விழுந்த தூசி. அறுபத்தைந்து வயது, பள்ளிக் கட்டடங்களுக்குக் கணக்காக மரவேலை செய்து ஓய்வு பெற்றவர். வரப்பு ஓரத்தில் நூல் பிடித்து வெட்டுகிற மனிதர்.

"தொக்கியேசான், உங்க வரப்பு சட்டையை வெளில விட்டுக்கிட்டு நிக்குது" என்பார் போகிற போக்கில், மரியாதைக்கு ஒரு 'சான்' ஒட்டி.

"நிக்கட்டும் தலைவரே. அது கல்யாணத்துக்கா போகுது?" என்பாள் அவள்.

பட்டாம்பூச்சி விஷயத்தை அவள் சொல்லாமல் இல்லை. ஊர்க்கூட்டத்தில் இரண்டு தடவை சொன்னாள். எல்லாரும் 'ஓகோ, அப்படியா' என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். புல்லு வெட்டச் சோம்பல் பட்டு ஒரு சாக்குக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று வெளியே வந்து சிரித்தார்கள். சிஹாரு, பக்கத்து வீட்டுக்காரி, அவளைவிடப் பத்து வயது சின்னவள், அவளும்தான் சிரித்தாள்.

ஆறாவது வருஷம் மே கடைசியில் தொக்கியேவின் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன். ஐந்து நாள் மாட்சுமோட்டோ ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கிளம்பும்போது புருஷனிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"சோறு வேணும்னா கடையில வாங்கித் தின்னுங்க. துணியைத் துவைக்காமப் போட்டு வைங்க. குராராவுல மட்டும் யாரையும் கை வைக்க விடாதீங்க. இந்த வருஷம் பொம்பளை நீலம் அஞ்சோ ஆறோதான் வந்துருக்கு."

"சரி, சரி" என்றான் முனேயோஷி.

ஊர்ப்புல் நாளுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், நிஷினா முனேயோஷியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்க வீட்டுல ஆபரேஷன். நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். வரப்பை நாங்க பாத்துக்கறோம்."

"ஐயோ, வேண்டாங்க. அப்படியே விட்டுடுங்க."

"அட, இதுல என்ன இருக்கு."

"இல்லைங்க, அந்தக் குராரா இருக்கு பாருங்க, அதை வெட்ட வேண்டாம்னு..."

"அது ரொம்ப உசரமா வளந்துருச்சு, உங்களுக்குக் கூச்சமா இருக்கும். எனக்குத் தெரியாதா. அதை நானே அடியோட எடுத்துடறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க அவ்வளவு சிரமம்" என்று முனேயோஷி குனிந்தான். நிஷினாவும் குனிந்தார். கதவு மூடியது.

உதவி வருகிறது என்றால் மூன்று தடவை வேண்டாம் என்பது அந்த ஊர் மரியாதை. முதல் வேண்டாம் பணிவு, இரண்டாவது வேண்டாம் கூச்சம், மூன்றாவது வேண்டாம் நன்றி. அப்பாவி முனேயோஷி மறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கப் போனான். அவ்வளவு மரியாதையாக உதவி கேட்டுக்கொண்டானே என்று நிஷினா மனம் நெகிழ்ந்து, மெஷினுக்குப் புதுப் பல் மாட்டினார்.

திங்கட்கிழமை மதியம் தொக்கியே வயிற்றில் நாலு தையலோடு ஊர் திரும்பினாள். குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்று டாக்டர் இரண்டு வாரக் கட்டளை போட்டிருந்தார். வீட்டுக்குள் நுழையாமல், காரிலிருந்து இறங்கி நேரே வயலுக்கு நடந்தாள்.

வரப்பு மொட்டைத் தலையாகக் கிடந்தது. ஒரு குராராகூட இல்லை. அடித்தண்டு மட்டும் அங்கங்கே வட்டமாக, வெள்ளையாக, ஈரம் காய்ந்து தெரிந்தது. தொக்கியே அழுதாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்க வலிக்க நின்றபடியே அழுதாள். முனேயோஷி பின்னால் வந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

சிஹாரு வீட்டிலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"அக்கா, வந்துட்டீங்களா! எப்படி இருக்கு பாருங்க. ஆறு பேரு சேந்து வெட்டினோம். தலைவரு கடைசில வாரியலால கூட்டியே விட்டாரு."

தொக்கியே கண்ணைத் துடைத்தாள். இவளைத் திட்ட ஒரு வார்த்தை கிடையாது. ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து அவளுக்கு நல்லது செய்திருக்கிறார்கள். பாவிகள், மனசாரச் செய்திருக்கிறார்கள்.

"வெட்டுன புல்லு எங்க சிஹாரு?"

"தலைவரு தன்னோட வண்டில ஏத்திட்டுப் போயிட்டாரு. எருவுக்கு."

அழுகை நின்றுவிட்டது. நிஷினாவின் எருக்குழி ஊருக்கே தெரிந்தது. புல்லோடு கோழி எச்சமும் தவிடும் கலந்து, தண்ணீர் தெளித்து, நீலப் படுதாவால் இறுக்கி மூடுவார். இரண்டாம் நாள் கையை விட்டால் வெந்துவிடும். ஞாயிறு சாயங்காலம் மூடியிருந்தால் இப்போது ஒரு நாள்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் கொடுக்க இனிப்பு டப்பாக்கள் வாங்கி வைத்திருந்தாள். உள்ளதில் பெரியதை எடுத்துக்கொண்டாள். சிஹாருவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள், முனேயோஷியும் பின்னால் வந்தான்.

நிஷினா தன் வாசலில் மெஷினின் பல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். டப்பாவைக் கண்டதும் எழுந்து குனிந்தார்.

"இதெல்லாம் எதுக்கு தொக்கியேசான். நாங்க என்ன பெருசா செஞ்சிட்டோம்."

"ரொம்ப நன்றி தலைவரே. ஆறு பேருக்கும் கடமைப்பட்டிருக்கேன். டப்பாவை வச்சுக்குங்க, என் புல்லைத் திருப்பிக் குடுங்க."

நிஷினா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"அதுல முட்டை இருக்கு. ஓருரியோட முட்டை. இந்த வருஷத்து முட்டை மொத்தமும் உங்க எருக்குழியில இருக்கு. வெந்துபோச்சுன்னா இந்த ஊருல அந்த நீலம் கிடையாது. அடுத்த வருஷம் கிடையாது, அதுக்கடுத்த வருஷமும் கிடையாது. என்னால குனிய முடியாது. நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

நிஷினா முனேயோஷியைப் பார்த்தார். "நீங்க வேண்டாம்னு சொன்னது..."

"நிஜமாத்தான் சொன்னேங்க" என்றான் முனேயோஷி, காதெல்லாம் சிவந்துபோய்.

படுதாவை விலக்கினார்கள். லேசாக ஆவி வந்தது. குழியின் நடுவில் கைபொறுக்காத சூடு. ஆனால் குராரா எல்லாம் கடைசி நடையில் வந்த புல், மேலாகவும் ஓரமாகவும்தான் கிடந்தது. சிஹாருவும் முனேயோஷியும் முழங்கை வரை விட்டுத் தண்டு தண்டாக உருவினார்கள். நிஷினாவின் மனைவி மசுனோ பழைய போர்வையைக் கொண்டுவந்து விரித்தாள். தொக்கியே ஒரு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கதிராக வாங்கிக் கண்ணருகே வைத்துத் திருப்பினாள்.

"இருக்கு. இதுல ஒண்ணு. இதுல ரெண்டு."

நிஷினா கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய், தபால்தலை பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். ஒரு கதிரை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"குழி எடுத்த மாதிரி இருக்கு. சுத்தி வலை பின்னுன மாதிரி கோடு" என்றார் மெதுவாக. "யாரு செஞ்ச வேலை இது."

"உங்க வேலையைவிடச் சுத்தம்" என்றாள் தொக்கியே.

ஒழுங்கு பார்க்கிற மனிதரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அதைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது. மற்ற மூன்று பேரும் போதும் என்று நிமிர்ந்த பிறகு நிஷினா குழிக்குள் இறங்கி, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை மறுபடி ஒரு தடவை பிரித்துப் பார்த்தார். இன்னும் ஒன்பது முட்டை கிடைத்தது. மொத்தம் எழுபத்தொன்று. தொக்கியேவின் மடியில், நாற்பது கதிரில்.

ஆனால் வெட்டிய கதிர் இரண்டு நாளில் வாடிவிடும். முட்டை பொரிந்து வரும் புழுவுக்குப் பச்சை மொட்டு வேண்டும், குராராவைத் தவிர வேறெதையும் அது வாயில் வைக்காது. ஊர் முழுக்க மழித்தாயிற்று.

மசுனோ தொண்டையைக் கனைத்தாள். "நம்ம வரப்பு வெட்டலையே."

"மசுனோ" என்றார் நிஷினா.

"உள்ளதைத்தானே சொல்றேன். ஊரு வரப்பையெல்லாம் வெட்டினீங்க, தொக்கியேசானோட வரப்பைக் கூட்டி வேற விட்டீங்க. நம்ம வாய்க்கால் வரப்புல இன்னிக்குக்கூட புல்லு இடுப்பளவு நிக்குது. குராராவும் நிக்குது, ஒம்பதோ பத்தோ."

நிஷினாவின் கழுத்து சிவந்தது. வாய்க்கால் வரப்பு என்றால் ரோட்டிலிருந்து போகிற வருகிற எல்லாருக்கும் தெரிகிற இடம். அதைவிட, புதன்கிழமை வாய்க்கால் சங்கத்தார் ஐந்து ஊர்த்தலைவர்களோடு கரை நெடுக நடந்து பார்வையிட வருகிறார்கள். நாளைக் காலை முதல் வேலையாக வெட்டுவதாக இருந்தார்.

"இருபத்தஞ்சு நாள்" என்றாள் தொக்கியே. "இருபத்தஞ்சு நாள் அதை வெட்டாம விடணும்."

நிஷினா தலையைச் சாய்த்தார். "யோசிச்சுப் பாக்கறேன்."

"யோசிச்சுப் பாக்கறேன்னா இல்லைன்னு அர்த்தம். முப்பத்து நாலு வருஷமா இந்த ஊருல இருக்கேன், எனக்குத் தெரியாதா? எனக்கு இன்னிக்கு ஆமாவோ இல்லையோ வேணும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க தலைவரே, நான் இந்த எழுபத்தொண்ணையும் உங்க குழியிலயே திருப்பிப் போட்டுட்டுப் போறேன்."

கதிர்கள் மடியில் வாட ஆரம்பித்திருந்தன. நிஷினா அவற்றைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "நூல் இருக்கா?" என்றார்.

மசுனோவின் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் வந்தது, துணிக் கிளிப்புகளும் வந்தன. பொழுது சாய்வதற்குள் நாற்பது கதிரையும் உயிருள்ள குராராக் கதிர்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். முடிச்சு இறுகக் கூடாது, மொட்டு நசுங்கக் கூடாது, வாடின மொட்டும் பச்சை மொட்டும் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், புழு நடந்து மாற வேண்டுமல்லவா. முடிச்செல்லாம் நிஷினா போட்டார். ஒவ்வொன்றும் ஒரே அளவு.

புதன்கிழமை பன்னிரண்டு பேர் தொப்பியும் பூட்ஸுமாகக் கரையில் வரிசையாக வந்தார்கள். தொக்கியே வலியைப் பார்க்காமல் வந்து வாய்க்கால் பாலத்தில் நின்றாள். பழி வந்தால் தன்மேல் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். வெட்டிய வரப்பு, வெட்டிய வரப்பு, வெட்டிய வரப்பு என்று வந்தவர்கள் நிஷினாவின் வரப்புக்கு வந்ததும் நின்றார்கள். இடுப்பளவு புல். அதில் வெள்ளை நூல், சிவப்பும் மஞ்சளுமாகத் துணிக் கிளிப்பு. யாரோ இருமினார்கள். யாரோ மலையைப் பார்த்தார்கள்.

சங்கத்தின் பெரியவர், கீழூர்த் தலைவர் ஓத்சுகி, பரிவோடு சொன்னார்: "நிஷினாசான், ஊரு வேலையில உங்களுக்கு நேரம் கிடைச்சிருக்காது. நம்ம ஆளுங்க ரெண்டு பேரை மத்தியானம் அனுப்பறேன். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"வேண்டாம், பரவாயில்லை" என்றார் நிஷினா.

"அட, கூச்சப்படாதீங்க."

"இல்லை, வேண்டாம்."

"மெஷினு வண்டியிலயே இருக்கு. இப்பவே வேணாலும்..."

மூன்றாவது முறை வருகிறது. மூன்றாவது வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்று கரையில் நின்ற பன்னிரண்டு பேருக்கும் தெரியும். ஓத்சுகியின் ஆள் ஒருவன் வண்டிப் பக்கம் திரும்பியேவிட்டான். தொக்கியே ஓடிப் போய்க் குறுக்கே விழலாம் என்று காலை எடுத்து வைத்தாள்.

"வேண்டாம்னா வேண்டாம்தான்!"

கத்தியவர் நிஷினா. அறுபத்தைந்து வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. வண்டிக்குப் போனவன் அப்படியே நின்றான். நிஷினா இரண்டு கையையும் விரித்து வரப்பின் முன்னால் நின்றிருந்தார்.

"மரியாதைக்குச் சொல்லலை. நிஜமாச் சொல்றேன். இதுல முட்டை இருக்கு. எழுபத்தொண்ணு. எண்ணியிருக்கேன். ஒரு புல்லைத் தொட்டீங்கன்னா நான் தலைவர் பதவியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு போயிடுவேன்."

ஓத்சுகி வரப்பருகே வந்தார். பிறகு குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "எங்க, காட்டுங்க" என்றார்.

பூதக்கண்ணாடி கை மாறி கை மாறிப் பன்னிரண்டு பேரையும் சுற்றி வந்தது. வாய்க்காலைப் பார்வையிட வந்தவர்கள் அன்று அதற்குமேல் ஒரு அடி நகரவில்லை. பாலத்தில் நின்ற தொக்கியேவுக்குச் சிரிப்பு வந்தது, தையல் வலித்தது, இரண்டையும் நிறுத்த முடியவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து முட்டைகள் பொரிய ஆரம்பித்தன. எழுபத்தொன்றில் ஏழு கறுத்துப்போயின. முட்டைக்குள்ளேயே முட்டை வைக்கிற பொடிக் குளவியின் வேலை அது. ஆறு அப்படியே காய்ந்துபோயின. ஐம்பத்தெட்டில் வட்ட ஓட்டை விழுந்து, தலைமுடி கனத்துக்கு ஒரு புழு வெளியே வந்து, நூலைத் தாண்டிப் பச்சை மொட்டுக்குள் தலையை நுழைத்தது. நிஷினா காலையும் மாலையும் மண்டியிட்டார். மெஷின்காரர் மண்டியிடக் கற்றுக்கொண்டது அப்போதுதான். எறும்பு வந்தபோது விசிறியால் விரட்டப் போனவரைத் தொக்கியே கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"அது விருந்தாளிங்க தலைவரே. புழு அதுகளுக்கு இனிப்புத் தரும், அதுக கொஞ்சம் காவல் காக்கும்."

ஜூலையில் புழுக்கள் மண்ணுக்குள் இறங்கின. அதன்மேல் வெயில் அடித்தது, அறுவடை முடிந்தது, பனி விழுந்து முழங்கால் அளவு கிடந்தது. ஜோநென் மலையின் பனி உருகி, வசந்தத்துக்கு அடையாளமாக அதன் சரிவில் துறவி போன்ற உருவம் தெரிந்தபோது தொக்கியே வசாபிக் கொட்டகைக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டாள். தினமும் வாய்க்கால் கரை வழியே நடந்தாள். மே இருபதில் ஒன்றும் இல்லை. இருபத்து மூன்றில் ஒன்றும் இல்லை. இருபத்தைந்தில் நிஷினா பேச்சைக் குறைத்துவிட்டார், மசுனோ அவருக்குச் சாதம் போடும்போது எதுவும் கேட்பதில்லை.

இருபத்தேழாம் தேதி காலை ஒரு நீலம் புல்லுக்கு மேல் தாழப் பறந்து போனது. ஆண். பிறகு இன்னொன்று. ஆண்கள் அவசரக்காரர்கள், நாலு நாள் முன்னாலேயே எழுந்து வரப்பை அளந்துகொண்டு திரிவார்கள். பெண் எழுந்து வந்து, சிறகு காய்வதற்குப் புல்தண்டில் ஏறி உட்கார்ந்ததோ இல்லையோ, ஒருவன் வந்துவிட்டான். இரண்டும் வாலோடு வால் சேர்ந்து, தலை எதிரெதிரே, அசையாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தன. அதன் பிறகு வேறு ஆண் நெருங்கினால் அந்தப் பெண் வயிற்றைத் தூக்கிச் சிறகைப் படபடத்து விரட்டியது. அவளுக்கு ஒரு தடவை போதும். இனி அவளுக்கு வேறு வேலை இருக்கிறது.

ஜூன் முதல் ஞாயிறு வந்தது. அந்த வருஷம் மிசுசாவாவில் மட்டுமல்ல, வாய்க்கால் கரையின் ஐந்து ஊரிலும் குராராவைச் சுற்றி வட்டம் போட்டு விட்டுவிட்டுத்தான் மெஷின் ஓடியது. ஓத்சுகியின் ஏற்பாடு அது. மொட்டையாக வெட்டப்பட்ட தொக்கியேவின் இருபத்திரண்டு செடியும் பழைய வேரிலிருந்து தளிர்த்து மொட்டு விட்டிருந்தன. பெண் நீலங்கள் நிஷினாவின் வரப்பிலிருந்து வாய்க்காலைத் தாண்டி அங்கே வந்தன. மொட்டைத் தட்டின, தடவின, விரிந்ததைத் தள்ளின, இறுகியதைத் தேர்ந்தன. வைத்தன.

பத்து நாள் கழித்து, நிஷினாவும் தொக்கியேவும் இரண்டு பக்கத்திலிருந்தும், பொரிந்த முட்டையின் ஓட்டையும் சேர்த்துத் தனித்தனியாக எண்ணிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். இரண்டு பேர் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். நிஷினா நம்பாமல் மறுபடி கூட்டினார். அப்புறம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார், நனைந்த புல்லில், நல்ல கால்சட்டையோடு.

"ஊருக்கு அறிவிக்கணும்" என்றார். மிசுசாவாவில் வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து ஊர் ஒலிபெருக்கி இருக்கிறது. விதை நெல் வந்தாலும் சாவு நேர்ந்தாலும் அதில்தான் சொல்வார்கள். "நீங்களே சொல்லுங்க தொக்கியேசான்."

மதியம் சாப்பாட்டு வேளையில் முப்பத்தெட்டு வீட்டு ஒலிபெருக்கியும் ஒருமுறை கரகரத்தது. சிஹாரு அகப்பையோடு நின்றாள், முனேயோஷி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். தொக்கியேவுக்கு எழுதி வைத்துப் படிக்கிற பழக்கமில்லை, வாயில் வந்ததைத்தான் சொன்னாள்.

"மொமோசே தொக்கியே பேசறேன். ஊருல முட்டை முந்நூத்தி நாப்பத்தாறு. திரும்பச் சொல்றேன், முந்நூத்தி நாப்பத்தாறு. போன வருஷம் உதவி பண்ணின ஆறு பேருக்கும் நன்றி. இந்த வருஷம் யாரும் உதவிக்கு வர வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "மூணு தடவையெல்லாம் சொல்ல மாட்டேன்."